உள்தொடைத் தையல்

...இந்த முனை வரைக்கும் பிரித்துவிட்டால் போதும், அதற்குள் அவர் இந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது, திரும்பினாலும் குனிந்து பார்த்துவிடக் கூடாது என்று பேண்ட்டை உட்புறம் வெளியாகப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு, தையல் பிரிப்பானின் கூர்முனையைத் தையலுக்குள் விட்டு விட்டு இழுத்தாள், கருநீல நூல் துணுக்குகள் பூச்சிக் கால்கள் மாதிரி விரலெல்லாம் ஒட்டின, உதறினால் போகவில்லை, ஊதினாலும் போகவில்லை, செய்த காரியம் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பார்களே, அது இதுதானா? கீழே தெருவில் வேன் ஹாரன் அடித்தது, ஒரு நீளம், இரண்டு குட்டை... மீசை அண்ணன்தான், அவர் ஹாரனில்கூட ஜோக் அடிப்பார். சுவரோரமாக இடுப்பில் துண்டு, காலில் சாக்ஸ், மேலே மட்டும் மடிப்புக் கலையாத சீருடைச் சட்டை என்று பாதி தீயணைப்பு வீரராகவும் பாதி குளிக்கப் போகிறவராகவும் நின்றுகொண்டிருந்தார் அவள் கணவர். வேறு நாளாக இருந்தால் சிரித்தே செத்திருப்பாள். இன்றைக்குப் பார்த்தா? "குனிஞ்சு லேஸ் கட்டினேன், டர்ருன்னுச்சு" என்று கொஞ்ச நேரம் முன்னால் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றபோது அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள், அந்த 'டர்' அவள் காதில் விழவேயில்லை, ஆனால் இப்போது நினைத்தால் விழுந்த மாதிரியே இருந்தது. எங்கே என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? உள்தொடை, வலது பக்கம், கவட்டைக்கு ஒரு சாண் கீழே... அந்த இடத்தை அவளைவிட யாருக்குத் தெரியும்? பிரிப்பானைத் தேடினால் ஊசி டப்பாவில் காணோம், "இதோ" என்று ஷூ ஸ்டாண்டு மேலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுத்தார், கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. குற்றவாளி கையில் கத்தியை எடுத்துக் கொடுத்து, 'இந்தாம்மா, தடயத்தை அழிச்சுக்கோ' என்கிற அப்பாவி ஒருத்தர் உலகத்தில் உண்டென்றால் அது இவர்தான்.

"முடியலைன்னா விடும்மா" என்றார். "லேட்டாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அதெல்லாம் முடியும்."

"அவசரத்துல கோணலாப் போயிடப் போகுது."

"என் தையல் என்னிக்குங்க கோணலாப் போயிருக்கு?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னிக்கா? முந்தாநாள் மத்தியானம். அவர் முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்த நேரம், கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் வீட்டிலேயே திருடி மாதிரி, இதே மெஷினில் இதே பேண்ட்டைப் போட்டு, இரட்டைத் தையலாக அவளே அடித்திருந்த உள்தொடையைப் பிரித்து எடுத்துவிட்டு அதில் ஓட்டுத் தையல் நூலைப் போட்டாளே, அன்றைக்குத்தான். ஓட்டுத் தையல் நூல் என்றால் துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிற நூல், நிஜத் தையல் விழுந்ததும் உருவி எறிகிற நூல், இரண்டு விரலால் இழுத்தால் அறும், ஒரு மூச்சு விட்டால் அறும் என்றுகூடச் சொல்லலாம். கெட்டி நூலும் கருநீலம், இதுவும் கருநீலம், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், இழுத்தால்தான் வேஷம் கலையும். தையலை நீளநீளமாக ஓடவிட்டாள். மேலே இஸ்திரி போட்டாள். இன்னொரு பேண்ட்டை, அது சுத்தமாகத்தான் இருந்தது, காலர் அழுக்குச் சட்டைகளோடு சேர்த்து நேற்றுச் சாயங்காலம் வாளியில் முக்கினாள், அதுவும் தெரியாமல் முக்கியதில்லை. கொடியில் இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு சொட்டும் 'நீதானே, நீதானே' என்கிறது.

கணக்கு என்னவென்றால், கிழிய வேண்டியது இங்கே இல்லை. அங்கே. பயிற்சி மைதானத்தில், அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்க, மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழுசாக உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வார்களே, அந்த உட்காரலில். மறுபடி வண்டியேற விடலாமா என்று பார்க்கிற அந்த உடற்தகுதித் தேர்வு சீருடையில்தான் நடக்கும், 'தீ வந்து, போய் டிரஸ் மாத்திக்கிட்டு வாங்க சார்னு காத்திருக்காது' என்பது பெரிய அதிகாரியின் வசனம். உடுப்பில் கிழிசல் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அடுத்த சுற்றுக்கு வா என்பார்கள், அடுத்த சுற்று எப்போது என்பது அந்தக் கடவுளுக்கே தெரியாது, அதுவரை நிலையத்தில் தொலைபேசி நாற்காலி, 'எங்க தீ, என்ன முகவரி' என்று கேட்டு எழுதிக்கொள்கிற வேலை. எரிகிற கட்டடத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் எத்தனை தெரு இருக்கும், எத்தனை சுவர் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போதே அவளுக்குத் தூக்கம் வந்தது, நல்ல தூக்கம், மாசக்கணக்கில் வராத தூக்கம். ஒரு நூல், ஒரேயொரு நூல், அதை மாற்றிவிட்டால் இவர் இனிமேல் படியேறி நெருப்புக்குள் போக மாட்டார்... தப்பா? தப்புதான். புருஷனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எத்தனையோ பெண்கள் எத்தனையோ செய்கிறார்கள், அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டுகிறார்கள், நான் மட்டும் ஊசியால் முதுகில் குத்தினேன். அதுவும் முதுகில்கூட இல்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம், கதவைத் தட்டாமலே மீசை அண்ணன் தலையை நீட்டினார், முதலில் மீசை வரும், அப்புறம்தான் அண்ணன். நிலையத்தில் இவருக்கு ஜோடி அவர்தான், ஒரே வண்டி, ஒரே ஏணி.

"என்னடா உரலு, துண்டோட நிக்கிற? டெஸ்ட்டுக்கு வரியா, ஆத்துல குளிக்க வரியா?"

"பேண்ட் கிழிஞ்சிடுச்சுடா."

"இது ஒரு சேதியா? சூரியன் கிழக்கால உதிச்சதுன்னு சொல்ற! உன் தொடைக்குப் பேண்ட் கிழியலைன்னாத்தான் சேதி." அவள் பக்கம் திரும்பி, "தங்கச்சி, பேசாம இரும்புத் தகடுல ஒண்ணு தைச்சுக் குடுத்துடு."

"தைக்கிறேண்ணே, கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். பெரியவர்தான் பொறுக்க மாட்டார். ஆனாலும் பரவால்ல, இவன் இல்லாம வண்டி நகராது, சாவி என் பாக்கெட்ல இருக்கு."

"நீ வேணா முன்னாடி போயேன்டா" என்றார் இவர். "நான் பின்னாடி..."

"உதை வாங்குவ. உன்னைய விட்டுட்டு நான் எங்கடா போவேன்?" அந்தக் கடைசி வார்த்தையில் அண்ணன் குரல் லேசாகத் தடுக்கியது, சட்டென்று மீசையைத் தடவி அதை மறைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. பழைய நூல் முழுக்கப் போய்விட்டது, ஒரு துணுக்கு மிச்சமில்லை, இப்போது மடியில் கிடப்பது இரண்டு துணி விளிம்புகள், வாயைப் பிளந்துகொண்டு, 'அடுத்து எந்த நூல், சொல்லு' என்று கேட்டுக்கொண்டு.

எந்த நூல்? கெட்டி நூல்கண்டு மெஷினில் தயாராக இருக்கிறது. ஓட்டு நூல் இழுப்பறையில், கை நீட்டினால் எட்டும். இவர் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் கிழிந்தது ஒரு விதத்தில் அவளுக்கு அடித்த அதிர்ஷ்டம், மறுபடி ஒரு வாய்ப்பு, இன்னொரு தடவை அதே காரியம், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பக்குவமாக, லேஸ் கட்டுகிற குனியலுக்குத் தாங்கி, மூட்டை சுமக்கிற உட்காரலுக்கு அறுகிற மாதிரி... அவளால் முடியும். துணி எங்கே எவ்வளவு இழுபடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், அதிலும் இந்தத் தொடையை, இந்தத் தொடையில்தானே அவள் வாழ்க்கையே ஆரம்பித்தது. துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலம், பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு ஒரு ஆள் வந்து நின்றார், கதவு நிலையை அடைத்துக்கொண்டு, பேச்சு வரவில்லை. "கீழ கொஞ்சம் பிரிஞ்சிருக்கு" என்றார். "எங்க கீழ? மடிப்புலயா?" என்றாள். "இன்னும் கொஞ்சம் மேல." "முட்டிக்கிட்டயா?" "இன்னும் கொஞ்சம்..." பக்கத்து மெஷின் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள், அந்த ஆள் முகம் அடுப்பு மாதிரிச் சிவந்தது, அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "துணி மேல தப்பில்லைங்க, கடைக்காரர் மேலயும் தப்பில்ல, தொடை மேலதான் தப்பு" என்றாள், சிரித்துவிட்டார், சிரித்தபிறகு பேச்சு வந்துவிட்டது. அப்புறம் வாராவாரம் ஏதாவது கிழிந்தது. ஒரு நாள் கிழியாத பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்து, "இது கிழியிறதுக்கு முன்னாடியே ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் விழுந்தாள், யாரும் கேட்டதில்லை அதை, எல்லோரும் கிழிந்தபிறகுதானே வருவார்கள்?

முடியும் என்று சொன்னாள். மளமளவென்று சொன்னாள். இடுப்புக்கு அளந்து வாங்காதீங்க, தொடைக்கு அளந்து வாங்குங்க, இடுப்பை நான் பிடிச்சுத் தரேன். ஒரே பேண்ட்டை அடுத்தடுத்த நாள் போடாதீங்க, துணியும் மூச்சு விடணும். உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பித் துவைங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, ஏற்கனவே நடக்கிறப்ப உங்க தொடையே போதுமான அளவு தேய்ச்சிடுது. முதல்ல துணியில குட்டிக் குட்டியா உருண்டை கிளம்பும், அடுத்து வெளுக்கும், அப்புறம் வெளிச்சத்துல பிடிச்சாச் சல்லடை மாதிரித் தெரியும், சல்லடையாகறப்பவே கொண்டாந்துடுங்க, ஓட்டை விழுந்தப்புறம் வராதீங்க. கவட்டையில நாலு தையலும் வந்து ஒரே புள்ளியில முட்டுதில்ல, அந்தப் புள்ளிதான் எல்லா பாரத்தையும் வாங்கிக்கிட்டு முதல்ல சாகும், நடுவுல சாய்சதுரமா ஒரு துண்டு வெச்சுட்டா பாரம் நாலு பக்கமும் பிரிஞ்சு போயிடும். உள்ளே ஒட்டு போடறப்ப வழவழன்னு இருக்கிற துணியாப் போடணும், உரசறதுக்குப் பதிலா வழுக்கிக்கிட்டுப் போகும், ஒட்டுக்கு மூலை இருக்கக் கூடாது, வட்டமா வெட்டணும், மூலை வெச்சா அந்த மூலையில இருந்தே அடுத்த கிழிசல் கிளம்பும். இவ்வளவும் கேட்டுவிட்டு அந்த மனுஷன், "இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க என்னால முடியாது, நீங்களே கூட வந்துடுங்களேன்" என்றார், பக்கத்து மெஷின் எல்லாம் நின்றுபோனது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "வண்டிய விட்டு இறங்குன்னு மட்டும் எப்பவும் சொல்லிடாத." சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டாளே, அதுதான் வாயைக் கட்டிவிட்டது, வாயைக் கட்டினால் கை பேசும், அவள் கை ஊசியால்தானே பேசும்.

அந்த மரக்கிடங்கு எரிந்த அன்றைக்கு அவள் கடையில் ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். மேல்தளம் இடிந்து உத்திரம் சரிந்ததாம், மீசை அண்ணன் அடியில், இவர் அப்படியே குந்தி உட்கார்ந்து உத்திரத்தை இரண்டு தொடையிலும் தாங்கிக்கொண்டாராம், அண்ணன் ஊர்ந்து வெளியே வருகிற வரைக்கும் எழுந்திருக்கவும் இல்லை, சாயவும் இல்லையாம், எல்லாரும் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள், 'உரல் அசையுமா?' என்கிறார்கள், ஒரு வரவேற்புப் பலகை போட்டு மாலையெல்லாம் போட்டார்கள். வலது முழங்கால் நொறுங்கியதை மட்டும் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, கட்டு, இரும்புக் கம்பி, அப்புறம் வீடு, வீட்டில் தொளதொள அரைக்கால் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்த உட்கார்வு. நடுராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்திருப்பார், "வலிக்குதா?" என்றால் "இல்ல, சூடா இருக்கு" என்பார், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒரு நாள் அவராகவே 'போதும்' என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தாள், சொல்லவேயில்லை. நிலையத்துக்காரர்கள் வந்தால் சிரிப்பார், 'எப்படா வர்றே' என்றால் 'இதோ, நாளைக்கே' என்பார், அந்த 'நாளைக்கே'யைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் அந்த மத்தியானம் கதவைத் தாழிட்டது.

"நான் வேணா போன் பண்ணி..." என்று ஆரம்பித்தார் அவர்.

"இருங்கன்னு சொன்னேன்ல? உங்க மானத்துக்கு நான் பொறுப்பு."

மானம்... வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் மைதானம் கண்ணுக்குள் வந்து நின்றது. மேஜை, அதிகாரிகள், வரிசையாகச் சின்ன வயசு வீரர்கள், மூட்டையோடு உட்காருகிறார் இவர், டர்ர்... யாரோ ஒருத்தன் முதலில் சிரிப்பான். ஒருத்தன் சிரித்தால் போதும். உத்திரத்தைத் தாங்கின மனிதர் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு மைதானத்தை விட்டு ஓட வேண்டும், ஓடக்கூட முடியாது, நொண்டிக்கொண்டு நடக்க வேண்டும், அந்த நடை முழுக்கச் சிரிப்பு பின்னாலேயே வரும், வெட்கப்பட்டுக்கொண்டு பேப்பர் பொட்டலத்தோடு அவளிடம் வந்தாரே, 'இன்னும் கொஞ்சம் மேல' என்று சொல்ல நா எழாமல் நின்றாரே, அதே முகம்... நானா? நானா அதைச் செய்யப் பார்த்தேன்? கடையில் அத்தனை பேர் சிரித்தபோது சிரிக்காமல் பேண்ட்டை வாங்கிப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று இவர் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அந்த நானா? உயிரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மனுஷனை அம்மணமாக்கப் பார்த்திருக்கிறேன். இப்படிக் காப்பாற்றுவதற்கு நெருப்பே தேவலை, நெருப்பு முன்னால் வந்து சுடும், இந்த மாதிரி உள்ளேயிருந்து பிரிக்காது.

இழுப்பறைப் பக்கம் போன கை திரும்பியது. கெட்டிக் கண்டு. புது ஊசி, தடித்தது. வழவழப்பான லைனிங் துணியில் வட்டமாக ஒரு ஒட்டு வெட்டினாள், ஒன்று போதாது என்று இடது பக்கத்துக்கும் ஒன்று, கவட்டையில் சாய்சதுரத் துண்டு மங்கியிருந்தது, அதையும் விடவில்லை, பழையதன் மேலேயே புதுசு. பெடலை மிதித்தாள், மெஷின் சீறியது. ஒரு ஓட்டம், அதை ஒட்டியே இன்னொரு ஓட்டம், விளிம்பை மடித்து மூன்றாவது ஓட்டம், முனைகளில் முன்னும் பின்னுமாக முடிச்சு. இனி இது பிரியாது, இந்தத் துணி மக்கிப் போனாலும் இந்தத் தையல் எலும்பு மாதிரி நிற்கும். வேர்த்தது. பாவத்தைக் கழுவத் தண்ணீர் தேவையில்லை, நூல் போதும் என்று தோன்றியது, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மன்னிப்பு, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று ஊசி இறங்கி ஏறியது, நீங்க போங்க, உங்க வண்டியில ஏறுங்க, உங்களுக்குப் பிடிச்சது அதுதானே, நான் பயந்து செத்தா செத்துட்டுப் போறேன், நீங்க தலை நிமிர்ந்து போங்க. ஹாரன் மறுபடி அடித்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் வாழ்நாளில் தைத்த உள்தொடையிலேயே இதுதான் உத்தமம், சந்தேகமேயில்லை, இதை எடுத்துப்போய்ப் பின்கட்டுப் பெண்களுக்குக் காட்ட வேண்டும்.

"இந்தாங்க. மாட்டுங்க சீக்கிரம்."

வாங்கிக்கொண்டார். உட்புறத்தைத் திருப்பி அந்த ஒட்டை ஒரு தடவை, இரண்டு தடவை தடவிப் பார்த்தார், கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "ரொம்பக் கெட்டியா இருக்கே" என்றார்.

"கெட்டியாத்தான் இருக்கும். யானையைக் கட்டி இழுக்கலாம்."

மாட்டினார். பெல்ட்டை இறுக்கினார். அவள் தரையில் மண்டியிட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கண்ணைத் தையலில் மட்டும் வைத்தாள், வேறெங்கும் வைக்கத் தைரியமில்லை. "ம்ம்" என்று கையைக் கீழே காட்டினாள், உட்காருங்க என்று அர்த்தம், எந்தப் பேண்ட் தைத்தாலும் வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒரு உட்காரல் உண்டு, அது இந்த வீட்டுச் சட்டம். சுவரில் கையை ஊன்றி மெல்ல இறங்கினார், முழங்கால் ஒரு சத்தம் போட்டது, அடிவரைக்கும் உட்கார்ந்தார், தையல் அசையவில்லை. விளிம்பு விறைக்கக்கூட இல்லை. ஒரு நூல் முறுக்கிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, பாரேன், சாய்சதுரம் என்ன வேலை செய்யுது பாரேன், இத்தனை வருஷத்தில் இவர் உட்கார்ந்து இவ்வளவு நிம்மதியாக ஒரு தையல் இருந்ததில்லை... எழுந்தார், எழுந்திருக்கச் சுவர் இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது.

"இனிமே கிழியாதுல்ல?" என்றார்.

ஊசிகளைக் கையில் துப்பிக்கொண்டாள். "சத்தியமா கிழியாது."

"எவ்வளவு உட்கார்ந்தாலும்?"

"உருண்டு பெரண்டாலும் கிழியாது. நான் சொல்றேன்ல, போங்க."

தலையாட்டினார். ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்றார். "சொல்லுங்க" என்றாள், கண்டுபிடித்துவிட்டாரா, முந்தாநாள் நூலைப் பார்த்துவிட்டாரா, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா, 'நான்தாங்க, அந்தத் தையல்...' என்று வாய் வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல" என்றார் அவர். "நல்லாத் தைச்சிருக்க." ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கினார், ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அந்த 'நல்லாத் தைச்சிருக்க' அவள் முதுகில் சுளீர் என்று விழுந்தது. இந்த நல்ல வார்த்தைக்கு எனக்கு யோக்யதை உண்டா? சாயங்காலம் வரட்டும், பாஸ் பண்ணிவிட்டு வரட்டும், சொல்லிவிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு மாசம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும்.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே மீசை அண்ணன் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ராஜாவுக்குக் குனிகிற மாதிரிக் குனிந்தார், இவர் தெருவைக் கடந்துகொண்டிருந்தார், காற்று நன்றாக அடித்தது, குப்பைக் காகிதங்கள் ஓடின. பேண்ட் படபடத்தது. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இரண்டு காலிலும் படபடத்து, முன்னால் ஒட்டி, பின்னால் பையாக உப்பி, மறுபடி படபடத்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் போட்ட எந்தப் பேண்ட்டும் காற்றில் ஆடியதில்லை. எந்தக் காற்று உள்ளே போகும், எங்கே இடமிருந்தது? 'இளைச்சுட்டீங்க' என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள், பெண்டாட்டி வாயால் சொன்னது, தையல்காரி கண்ணால் ஒரு நாளும் பார்க்கவில்லை, டேப்பை எடுத்து அந்தத் தொடையைச் சுற்றவில்லை, பழைய அளவை மனசில் வைத்துக்கொண்டே துரோகமும் செய்து, பழைய அளவை மனசில் வைத்துக்கொண்டே பரிகாரமும் செய்திருக்கிறாள். சற்று முன் உட்கார்ந்தாரே, தையல் அசையவில்லை என்று பூரித்துப் போனேனே... அசைய அங்கே என்ன இருந்தது? என் சாய்சதுரமா வேலை செய்தது? இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு கை முஷ்டி தாராளமாகப் போகும். இந்தக் காலுக்கு அந்த ஓட்டு நூலே ஆயுசுக்கும் தாங்கியிருக்கும்.

வேன் படியில் வலது காலை ஏற்ற அவர் பேண்ட் துணியைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார். அண்ணன் அதைப் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டே வேறு எங்கோ பார்த்தார்.

"என்னங்க!" என்று கத்தினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"என்ன தங்கச்சி, உரலு எதையாவது மறந்துட்டானா?" என்று மீசை அண்ணன் கையைக் குவித்துக்கொண்டு கேட்டார்.

அவரும் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை அவள் இத்தனை மாசம் எப்படிப் படிக்காமல் விட்டாள்? ஒரு வார்த்தைக்காகத் திறந்து வைத்த முகம், கூப்பிட்டுவிட மாட்டாளா என்கிற முகம். லேஸ் கட்டக் குனிந்தபோது அந்தப் பேண்ட்டில் எதுவும் டர் என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. அவள் குழாயடியில் நின்ற நேரத்தில், நல்ல துணியை நிதானமாகக் கையில் பிடித்து, அந்தத் தையலைப் பிரித்தது அவரேதான்.